உளுவை மீன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விராலுக்குக் கிடைக்கும் மரியாதையில் கால்வாசிகூட உளுவைக்குக் கிடைப்பதில்லை. வலையில் வந்தால் "அட, உளுவையா" என்று ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். அப்படித் தள்ளப்பட்ட மீனைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில ஒற்றை வரி. எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டி அடுக்கத் தோன்றவில்லை.

உளுவை என்றால் சரியாக எந்த மீன்?

கோபி என்ற பெரிய மீன் கூட்டத்தைச் சேர்ந்தது. அறிவியல் பெயர் க்ளோஸோகோபியஸ் கியூரிஸ். ஆங்கிலத்தில் 'டேங்க் கோபி' என்பார்கள். அந்த 'டேங்க்' கண்ணாடித் தொட்டி அல்ல, ஏரி. பெயரைப் பார்த்துத் தொட்டி மீன் என்று நினைத்தவர்கள் என்னிடம் கேட்டதுண்டு, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மஞ்சள் கலந்த பழுப்பு உடல், பக்கவாட்டில் வரிசையாக ஐந்தாறு கருந்திட்டுகள், தட்டையான தலை, மேல் தாடையைத் தாண்டி முன்னால் நீண்ட கீழ்த் தாடை. எப்போதும் அடிமண்ணில் படுத்துக் கிடக்கும்.

எழுதுவது உளுவையா, உழுவையா?

மீனுக்கு 'உளுவை' என்று எழுதுவதே நல்லது. சிறப்பு ழகரம் போட்டு 'உழுவை' என்றால் இலக்கியத் தமிழில் புலி. இரண்டையும் மாற்றி மாற்றி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு சிறு இறாலைக் கேட்டால் ஒருவேளை ழகரத்துக்குத்தான் கையெழுத்துப் போடும்.

மற்ற மொழிகள் இந்த மீனை அது படுக்கும் இடத்தை வைத்துக் கூப்பிடுகின்றன. வங்காளத்தில் 'பேலே', அதாவது மணலைச் சேர்ந்தது. சிங்களத்தில் 'வெலிகொவ்வா'. 'வெலி' என்றால் மணல். நிறத்தைப் பார்த்தாலும் பழக்கத்தைப் பார்த்தாலும் மணல்தான் நினைவுக்கு வரும், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கையில் இருப்பது உளுவைதான் என்று எப்படி உறுதி செய்வது?

மல்லாத்திப் பாருங்கள். இதுதான் முதல் சோதனை, முக்கால்வாசி சந்தேகம் இதிலேயே தீர்ந்துவிடும்.

வயிற்றுப் பக்கம், தலைக்குச் சற்றுப் பின்னால், பெரும்பாலான மீன்களுக்கு இரண்டு துடுப்புகள் தனித்தனியாக இருக்கும். உளுவைக்கு அந்த இரண்டும் ஓரங்களில் இணைந்து ஒரு சிறு கிண்ணம்போல ஆகியிருக்கும். விரல் நுனியால் மெல்ல விரித்தால் அந்தக் கிண்ண வடிவம் நன்றாகத் தெரியும். கோபி கூட்டத்துக்கே உரிய அடையாளம் இது. பார்ப்பதற்கு உளுவை மாதிரியே இருக்கும் எலியோட்ரிஸ் வகை மீன்கள் கழிமுகங்களில் உண்டு. அவற்றின் வயிற்றுத் துடுப்புகள் ஒட்டாமல் பிரிந்தே இருக்கும்.

அடுத்து முதுகு. உளுவைக்கு முதுகுத் துடுப்பு இரண்டு, நடுவில் இடைவெளி. முன்னதில் ஆறு முட்கள். மெல்லிய, வளையக்கூடிய முட்கள்தான், கெளுத்தியின் முள்போலக் குத்திக் கிழிக்காது. வால் துடுப்பின் ஓரம் வட்டமாக இருக்கும்.

மூன்றாவது நாக்கு. மீனின் நாக்கை யார் பார்க்கிறார்கள் என்று கேட்கலாம். ஆனால் இந்தப் பேரினத்தின் பெயரே அதிலிருந்துதான் வந்தது: கிரேக்கத்தில் 'க்ளோஸா' என்றால் நாக்கு. வாயைத் திறந்து பார்த்தால் நாக்கின் முன்நுனி நடுவில் பிளந்து இரண்டு மடலாகத் தெரியும். சிறிய மீனில் இதைப் பார்க்க நல்ல வெளிச்சமும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். ஒரு சாண் நீள மீனில் வெறுங்கண்ணுக்கே தெரியும்.

விரால் குஞ்சையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்களே?

தட்டையான தலையும் உருண்டு நீண்ட உடலும் இரண்டுக்கும் பொது என்பதால் வரும் குழப்பம். விராலின் முதுகுத் துடுப்பு ஒரே நீளமாகக் கிட்டத்தட்ட வால் வரை ஓடும். உளுவைக்கு இரண்டாக வெட்டியிருக்கும். இதைப் பார்த்தால் போதும்.

உள்ளே இன்னொரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. விராலுக்குக் காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு உண்டு, அதனால் அவ்வப்போது மேலே வந்து வாயைத் திறந்து மூடிவிட்டுப் போகும். குளம் வற்றிச் சேறாகிப்போனாலும் தாக்குப்பிடிக்கும். உளுவைக்கு அந்த வசதி இல்லை, செவுள் மட்டும்தான். நீர் போனால் அதுவும் போய்விடும்.

சேற்றில் தத்தித் தத்திப் போகும் மீனும் உளுவையா?

இல்லை. அது சதுப்புநிலங்களில் வாழும் வேறொரு வகை. உறவுக்காரன்தான், பழக்கம் முற்றிலும் வேறு. அது நீரை விட்டு வெளியே வந்து, ஈரத் தோல் வழியாகவும் சுவாசித்து, முன்துடுப்புகளைக் கைபோல ஊன்றி நடக்கும். உளுவை நீரை விட்டு வராது.

எவ்வளவு பெரிதாக வளரும்?

பதிவான அதிகபட்சம் சுமார் 50 செ.மீ. அந்த அளவை நேரில் பார்ப்பது அபூர்வம். நாம் பார்ப்பதில் பெரும்பாலானவை ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். இருந்தாலும் கோபி கூட்டத்தில் உளுவை ஒரு பூதம்தான். கிட்டத்தட்ட 2000 இனங்கள் கொண்ட அந்தக் கூட்டத்தில் மிகப் பெரும்பாலானவை விரல் நீளத்தைத் தாண்டாதவை. பிலிப்பைன்ஸில் உள்ள பண்டாகா பிக்மேயா என்ற கோபி முழு வளர்ச்சியிலேயே ஒரு செ.மீ. அளவுதான்.

இது நன்னீர் மீனா, உப்புநீர் மீனா?

இரண்டும். இந்தப் பதிலைச் சொன்னதும் "அதெப்படி?" என்ற அடுத்த கேள்வி தயாராக வரும், அதனால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

உப்பு உள்ள இடத்தை நோக்கி நீர் நகரும். நன்னீரில் இருக்கும் மீனின் உடலுக்குள் வெளியே இருப்பதைவிட உப்பு அதிகம். ஆகவே செவுள் வழியாக நீர் இடைவிடாமல் உள்ளே ஊறிக்கொண்டே இருக்கும். ஓட்டைப் படகில் நீரை இறைப்பதுபோல, மீன் அதை நீர்த்த சிறுநீராக வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். கூடவே கழுவிப்போகும் உப்பைச் செவுள் வழியாகத் திரும்ப உள்ளே இழுக்கவும் வேண்டும். கடல்நீரில் கதை தலைகீழ். உடலில் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படும். மீன் கடல்நீரைக் குடித்து, அதிலுள்ள அதிகப்படி உப்பைச் செவுளில் இருக்கும் சிறப்புச் செல்கள் வழியாகக் கழித்துக்கட்டும்.

பெரும்பாலான மீன்களுக்கு இந்த இரண்டு வேலையில் ஒன்றுதான் தெரியும். கெண்டையைக் கடலில் விட்டால் உடல் வற்றிச் சாகும். உளுவையின் செவுளால் இரண்டு பக்கமும் மாறிக்கொள்ள முடியும். அதனால் ஆறு, ஏரி, வாய்க்கால், கழிமுகம், பழவேற்காடு, சிலிகா போன்ற உவர்நீர் ஏரிகள் என்று எல்லா இடத்திலும் அது இருக்கிறது. மழைக்காலத்தில் உப்பு குறைந்து கோடையில் ஏறும் முகத்துவாரம் மற்ற மீன்களுக்குத் தொல்லை. உளுவைக்கு அது சொந்த வீட்டுத் திண்ணை மாதிரி.

ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். மாறிக்கொள்ள முடியும் என்றால் நொடியில் மாறிவிடும் என்று பொருள் இல்லை. செவுளின் வேலை மாறுவதற்கு நேரம் பிடிக்கும்.

கடல் தொடர்பே இல்லாத குளத்திலும் இனப்பெருக்கம் செய்யுமா?

செய்யும். ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே போய்வரும் பழக்கம் இந்த இனத்துக்கு உண்டு, ஆனால் கடல் இருந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீட்டர் உயரத்தில், நடுவில் அருவி குறுக்கிடும் ஓர் ஏரியில் இது பெருகிய வரலாறு இருக்கிறது. அது சந்தோஷமான வரலாறு அல்ல. கீழே தனிக் கேள்வியில் வருகிறது.

முட்டையை எங்கே இடும்?

கோபிகளின் பொதுவான வழக்கம் இது: கல்லின் அடிப்புறம், கிடக்கும் கட்டை, ஓட்டுத் துண்டு என்று கெட்டியான, மறைவான பரப்பைத் தேடி, நூல்போன்ற ஒட்டிழைகளால் முட்டையைப் பதிக்கும். முட்டைகள் உருண்டையாக இல்லாமல் நீள்வாட்டில் இருக்கும். காவல் ஆணுடையது. துடுப்பால் விசிறி முட்டைகளின் மேல் நீரோட்டம் உண்டாக்கிக்கொண்டு நிற்கும். முட்டை ஆயிரக்கணக்கில், பொரிக்கும் குஞ்சோ சில மில்லிமீட்டர்தான். கண்ணாடிபோல உடல், கண் மட்டும் கரும்புள்ளி.

"உளுவைக் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா" என்ற பழமொழி இந்த மீனைப் பற்றியதா?

இதேதான். எனக்கு மிகவும் பிடித்த பழமொழி, காரணம் அதற்குள் இருக்கும் ஒரு வேடிக்கை.

பொரித்த குஞ்சு நீரின் நடுமட்டத்தில் மிதந்து, நீந்தி, ஓட்டத்தோடு போகும். அங்கே பழமொழி சரி. ஆனால் வளர வளர அது கீழே இறங்கும். முழு உளுவையைப் பார்த்து நீச்சலுக்கு உவமை சொல்ல யாருக்கும் தோன்றாது. ஒரே விருட்டில் இரண்டு மூன்று முழம் பாயும், உடனே தரையில் அமர்ந்துவிடும். மறுபடி விருட், மறுபடி தரை. கோபிகள் பலவற்றுக்கு வளர்ந்த பிறகு மிதப்புக்கு உதவும் காற்றுப்பை இருப்பதில்லை, இருந்தாலும் சிறுத்துப்போயிருக்கும். குஞ்சுக்கு நீச்சல் கற்றுத்தர வேண்டாம் என்பது மெய். பெரிசுக்கு அது மறந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்போல.

ஏன் இப்படி அசையாமல் கிடக்கிறது? நோயா?

நோய் இல்லை, அதுதான் அதன் பிழைப்பு. உடம்பின் ஒவ்வொரு பாகமும் தரையில் படுப்பதற்கென்றே அமைந்திருக்கிறது. கண் தலையின் மேல்பக்கம் இருப்பதால் படுத்தபடியே மேலே நடப்பதைப் பார்க்கலாம். கீழ்த் தாடை முன்னால் நீண்டு வாய் மேல்நோக்கித் திறப்பதால், தலைக்கு மேலே போகும் இரையைக் கவ்வ உடம்பைத் திருப்ப வேண்டியதில்லை. வயிற்றுக் கிண்ணம் ஓட்டத்தில் அடித்துப்போகாமல் ஊன்றிக்கொள்ள உதவும்.

தொட்டியில் ஒன்றை வைத்துப் பல நாள் பார்த்திருக்கிறேன். ஓர் இறால் துண்டைப் போட்டால் முதலில் உடம்பில் எதுவும் அசையாது. கண் மட்டும் மெதுவாக உருளும், சில நேரம் இரண்டு கண்ணும் வெவ்வேறு பக்கம். பிறகு முன்துடுப்பை ஊன்றி, மூக்கு இரையை நோக்கும்படி உடம்பை ஒரு விரற்கடை திருப்பும். அப்புறம் மறுபடி சிலை. நான் அலுத்துப்போய் வேறு எங்காவது பார்க்கும் நேரத்தில் மணல் ஒரு சிறு புகையாக எழும், இரை இருக்காது. அது வாயைத் திறந்ததை ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. மூடியதைத்தான் பார்த்திருக்கிறேன்.

பக்கவாட்டுக் கோடு இல்லையே, இருட்டில் இரையை எப்படி அறியும்?

நல்ல கேள்வி. பெரும்பாலான மீன்களின் உடலில் செவுளுக்குப் பின்னிருந்து வால் வரை ஓர் உணர்கோடு ஓடும். நீரின் அதிர்வை அறிவது அதுதான். கோபிகளின் உடலில் அப்படிக் கோடு தெரியாது. அதற்குப் பதில் தலையில், குறிப்பாகக் கன்னத்தில், பொடிப்பொடியான உணர்முகிழ்கள் வரிசை வரிசையாக இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் கன்னத்தில் யாரோ ஊசியால் புள்ளிக் கோடுகள் போட்டதுபோல இருக்கும். அருகில் நீர் அசைந்தால் அவை சொல்லிவிடும்.

என்ன தின்னும்?

உயிருள்ளவை, வாய்க்குள் அடங்குபவை. சிறு பருவத்தில் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களும் பூச்சிப் புழுக்களும். பெரிதானதும் இறால், சிறுமீன். தன் இனத்துக் குஞ்சையும் விடாது. பாசி, புல் பக்கம் போகாது.

இதற்கு அறிவியல் பெயர் வைத்தது யார்?

ஃபிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், 1822-ல். கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் இருந்தபோது அவர் பெயர் ஃபிரான்சிஸ் புக்கானன், ஹாமில்டன் பிற்பாடு சேர்ந்த பெயர். 1800-ல் சென்னையிலிருந்து கிளம்பி மைசூர், மலபார் பகுதிகளைச் சுற்றி விவரம் தொகுத்தவரும் இவரே. பிறகு கங்கையிலும் அதன் கிளைகளிலும் கிடைத்த மீன்களை விவரித்தபோது உளுவையும் பட்டியலில் ஏறியது. அப்போது வைத்த பெயர் கோபியஸ் கியூரிஸ். 1859-ல் அமெரிக்கரான தியோடர் கில் அந்தப் பிளந்த நாக்கை வைத்து க்ளோஸோகோபியஸ் என்ற பேரினத்தை ஏற்படுத்தினார்.

ஜப்பான் பேரரசருக்கும் உளுவைக்கும் சம்பந்தம் உண்டாமே? வதந்தியா?

வதந்தி இல்லை. அகிஹிட்டோ கோபி மீன்களை ஆராய்ந்த விஞ்ஞானி. பொழுதுபோக்குக்காக மீன் தொட்டி வைத்திருந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள், இனங்களைப் பிரித்தறியும் வகைப்பாட்டு வேலையை முறையாகச் செய்தவர். 1960-களில் தொடங்கி கட்டுரைகள் எழுதியிருக்கிறார்.

மேலே சொன்ன கன்னப் புள்ளிகள் இங்கே வருகின்றன. உளுவையும் அதன் நெருங்கிய உறவினங்களும் நிறத்தாலும் உருவத்தாலும் பிரிக்க முடியாத அளவுக்கு ஒன்றுபோலவே இருக்கும். கெட்டுப்போகாமல் குப்பியில் ஊறவைத்த மீனில் நிறமும் வெளுத்துவிடும். ஆனால் கன்னத்தில் உணர்முகிழ்கள் எந்த வரிசையில், எத்தனை அடர்த்தியில் இருக்கின்றன என்பது இனத்துக்கு இனம் வேறு. அதை எண்ணிப் பார்த்துத்தான் அவரும் மெகுரோ என்பவரும் சேர்ந்து 1975-ல், அதுவரை உளுவையோடு குழப்பப்பட்டுவந்த ஒரு மீனைத் தனி இனமாகப் பிரித்தார்கள். க்ளோஸோகோபியஸ் ஆரியஸ் என்று பெயர். அடுத்த ஆண்டு இதே பேரினத்தில் இன்னொன்று, ஸ்பார்ஸிபாபிலஸ். 'முகிழ்கள் அரிதாக உள்ளது' என்பதே அந்தப் பெயரின் பொருள்.

அப்போது அவர் பட்டத்து இளவரசர். 1989-ல் பேரரசரானார், 2019-ல் பதவி துறந்தார். 2021-ல் இன்னொருவரோடு சேர்ந்து வேறு பேரினத்தில் இரண்டு புதிய கோபி இனங்களை வெளியிட்டார். அரியணையை விட்டவர் கோபியை விடவில்லை. 2005-ல் ஒரு கோபிக்கு எக்ஸிரியாஸ் அகிஹிட்டோ என்று அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

ஆப்பிரிக்கா முதல் பசிபிக் தீவுகள் வரை இருப்பதெல்லாம் ஒரே இனம்தானா?

செங்கடல், கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், தெற்காசியா, தென்கிழக்காசியா, ஓசியானியா என்று பரவல் நீண்டுகொண்டே போகும். நூல்களில் எல்லாம் ஒரே பெயர்தான். மரபணு ஆய்வுகள் வேறு மாதிரிப் பேசுகின்றன. இந்த ஒற்றைப் பெயருக்குள் பல கிளைகள் ஒளிந்திருக்கின்றன, சில தனி இனமாகவே பிரிக்கப்படும் அளவுக்கு விலகியவை. என் கணிப்பில், இன்றைக்கு உளுவை என்று நாம் எழுதுவதில் ஒரு பகுதி நாளைக்கு வேறு பெயரோடு வரும். ஹாமில்டன் விவரித்தது கங்கை மீன் என்பதால் பழைய பெயர் அந்தப் பக்கத்து மீனிடமே தங்கும். பெயர் வைக்கும் விதி அப்படி.

தொட்டியில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம், அழகுக்காக வாங்குகிறவர்களுக்கு ஒத்துவராது. நிறம் மணல், வேலை படுக்கை. வேட்டையைப் பார்க்கப் பொறுமை உள்ளவர்களுக்கு இதைவிடச் சுவாரசியமான மீன் குறைவு.

அடியில் மெல்லிய மணல் போடுங்கள். கூரான சரளைக்கல் வயிற்றுப் பக்கத்தை உராய்ந்து புண்ணாக்கும். ஒளிய ஒரு குழாய்த் துண்டோ கல் இடுக்கோ வேண்டும். உயரத்தைவிடத் தரைப் பரப்புதான் முக்கியம், எனவே குட்டையான, நீளமான தொட்டி நல்லது. மூடி கட்டாயம், மிரண்டால் துள்ளும். தீவனம் மிதவையாக இருந்தால் பட்டினிதான், மூழ்குவதாக இருக்க வேண்டும். புழு, இறால் துண்டு என்றால் உடனே எடுக்கும். காய்ந்த தீவனத்தைப் பழக்க நாளாகும், சில கடைசிவரை பழகாது. வாயில் நுழையும் அளவு மீனைக் கூட விடாதீர்கள். மறுநாள் எண்ணிக்கை குறைந்திருந்தால் யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை.

உப்பு போட வேண்டுமா என்று கேட்பார்கள். நன்னீரில் பிடித்தது என்றால் வேண்டாம். கழிமுகத்தில் பிடித்தது என்றால் அதே உப்பளவில் தொடங்கி, சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். செவுளுக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்குத்தான்.

வளர்த்தது போதும் என்றால் பக்கத்துக் குளத்தில் விட்டுவிடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். 700 மீட்டர் உயர ஏரியின் கதை இதுதான்.

பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில் லனாவ் என்ற பழைய ஏரி இருக்கிறது. வெளியிலிருந்து மீன் ஏறிவர முடியாத ஏரி. அங்கே கெண்டைக் குடும்பத்து மீன்கள் சில தமக்குள்ளேயே பல இனங்களாகப் பிரிந்து, உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு மீன் கூட்டமாகியிருந்தன. 1924-ல் ஆல்பர்ட் ஹெர்ரே அவற்றை விவரித்தபோது உயிரியலாளர்கள் வியந்துபோனார்கள். பிறகு வெளி மீன்கள் உள்ளே வந்தன. சிலவற்றை வேண்டுமென்றே விட்டார்கள், சில வேறு குஞ்சுகளோடு கலந்து தெரியாமல் வந்தன. அப்படி வந்து பெருகியவற்றில் உளுவையும் ஒன்று. அடியில் அசையாமல் கிடந்து கவ்வும் வேட்டைக்காரனைப் பார்த்தே பழகாத மீன்கள் அவை. அளவுக்கு மீறிய பிடிப்பும் நாசகரமான மீன்பிடி முறைகளும் சேர்ந்துகொண்டன. 2020-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அந்த ஏரிக்கே உரிய 17 இனங்களில் 15 அற்றுப்போய்விட்டதாக அறிவித்தது.

பழி முழுவதையும் உளுவை தலையில் கட்ட முடியாது. ஆனால் நம் குளத்தில் சாதுவாகக் கிடப்பதால் எங்கே போனாலும் சாது என்று நினைத்துவிடக் கூடாது.

சாப்பிடலாமா? விஷம் என்று யாரோ சொன்னார்கள்.

பல நாடுகளில் விரும்பி உண்ணும் மீன் இது. வெள்ளைச் சதை, அதிக முள் இல்லை. அளவு சின்னதாக இருப்பதுதான் குறை.

விஷப் பேச்சு வேறொரு கோபியால் வந்தது. யொங்கெய்க்திஸ் என்ற பேரினத்து மீனில், பேத்தை மீனில் இருக்கும் அதே டெட்ரோடோடாக்சின் நஞ்சு உண்டு. அது கடலோரச் சேற்றில் வாழ்வது, உளுவை அல்ல. எந்த மீன் என்று அடையாளம் தெரியாத கோபியை அடுப்பில் ஏற்றாமல் இருப்பது நல்லது. உளுவையையும் நன்றாக வேகவைத்தே சாப்பிட வேண்டும், நன்னீர் மீன்களில் ஒட்டுண்ணிப் புழுக்கள் இருக்கக்கூடும். ஆலைக் கழிவு கலக்கும் நீரில் பிடித்தது வேண்டவே வேண்டாம். அடிமண்ணில் தங்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள், அங்கேயே படுத்து அங்கேயே தின்னும் மீனின் உடலில் சேரும். நீர் மாசை அளக்கும் ஆய்வுகளில் இந்த மீனை அடிக்கடி எடுத்துக்கொள்வதும் அதனால்தான்.

தூண்டிலில் சிக்குமா?

சிக்கும், இரை தரையில் கிடந்தால். மண்புழுவோ சிறு இறாலோ கோத்து, ஈயம் கட்டி அடியில் படுக்க விடுங்கள். தக்கையைக் குறைத்து இரையை நடுநீரில் தொங்கவிட்டால் கெண்டை, கெளிறு எல்லாம் வரும், இது வராது. கவ்வியதும் ஓடாது. கவ்விய இடத்திலேயே படுத்துவிடும், தக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நின்றுபோகும். புதிதாகப் போடுகிறவர்கள் "பிடி விட்டுவிட்டது" என்று நினைத்துச் சும்மா இருப்பார்கள். அதற்குள் முள்ளை ஆழமாக விழுங்கியிருக்கும்.

கடிக்குமா?

பல் உண்டு, பொடிப்பல். விரலைக் கொடுத்தால் சொரசொரப்பாக இருக்கும், அவ்வளவுதான்.

அழிந்து வருகிறதா?

உலக அளவில் 'குறைந்த கவலை' வகையில்தான் வைத்திருக்கிறார்கள். பரவல் அத்தனை பெரிது. ஆனால் உலகக் கணக்கு ஒன்று, ஓர் ஓடையின் கணக்கு வேறு. படுக்க மணலும், முட்டை ஒட்டக் கல்லும் இல்லாத இடத்தில் இந்த மீன் இருக்காது. ஆற்று மணலை அள்ளினால் முதலில் வீடிழப்பது இதுவே. குறுக்கே தடுப்பணை எழுந்தால் கழிமுகத்துக்கும் ஆற்றுக்கும் போய்வருகிற வழி அடைபடும். அருவிப் பாறையில் ஏறும் சிக்யோப்டெரஸ் வகைக் கோபிகளுக்கு வயிற்றுக் கிண்ணம் வலுவான உறிஞ்சியாக இருக்கிறது, செங்குத்தான ஈரப்பாறையில் ஒட்டிக்கொண்டே மேலே போய்விடும். உளுவையின் கிண்ணத்துக்கு அந்தப் பலம் கிடையாது.

ஆணா பெண்ணா என்று எப்படிச் சொல்வது?

மல்லாத்தும்போதே பார்த்துவிடலாம். மலத்துளைக்குப் பின்னால் ஒரு சிறு சதைமுளை இருக்கும். மெலிந்து கூராக இருந்தால் ஆண், பருத்து மழுங்கியிருந்தால் பெண். முட்டைக் காலத்தில் தெளிவாகத் தெரியும், சிறு மீனில் சொல்வது கடினம்.

நீரில் இருக்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? எவ்வளவு பார்த்தாலும் தெரிவதில்லை.

மீனைத் தேடாதீர்கள், நிழலைத் தேடுங்கள். வெயில் சாய்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ, முழங்கால் ஆழத் தெளிநீரில், வெறும் மணல் தரையைப் பாருங்கள். மணல் நிற உடம்பு கண்ணுக்குப் பிடிபடாது. ஆனால் முன்துடுப்பை ஊன்றித் தலையைச் சற்றுத் தூக்கியிருப்பதால் தாடைக்கு அடியில் ஒரு கருங்கீற்று விழும். அதைப் பார்த்துவிட்டால் இரண்டு கண்களும் தெரியும், பிறகு பக்கத்துக் கருந்திட்டுகள், பிறகு முழு மீன். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் நில்லுங்கள். விழுந்தால் எஞ்சுவது மணல் புகை மட்டுமே. பறந்துவிட்டது என்று திரும்பிவிட வேண்டாம், இரண்டு முழம் தள்ளி அடுத்த கீற்றைத் தேடுங்கள்.